மால்ட் உடைக்கும் மில்: எவ்வளவு நெருக்கலாம்? (கேள்வி பதில்)

மால்ட் என்பது முளைக்க வைத்துக் காய வைத்த தானியம், பெரும்பாலும் பார்லி. வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் அதை உடைக்கும் மில் பற்றிக் கேட்டவற்றில் அடிக்கடி வருபவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் இரண்டு உருளை உள்ள கை மில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது மில் வந்திருக்கிறது. உருளைகளுக்கு நடுவே கம்பெனியில் வைத்த இடைவெளியை மாற்ற வேண்டுமா?

முதல் தடவை அப்படியே ஓட்டுங்கள். பெரும்பாலான மில்கள் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் முன்பின்னாக வைத்துத்தான் வருகின்றன. ஒரு பிடி மால்ட்டை உடைத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். உமி பிளந்திருக்க வேண்டும், ஆனால் நைந்து தூளாகியிருக்கக் கூடாது. உள்ளே இருந்த வெள்ளைப் பகுதி குருணையாகவும் கொஞ்சம் மாவாகவும் உதிர்ந்திருக்க வேண்டும். முழு மணி ஒன்றிரண்டு கிடந்தால் பரவாயில்லை. நிறையக் கிடந்தால் 0.1 மி.மீ. நெருக்கி மறுபடி பாருங்கள். உமியைத் திருப்பி நகத்தால் சுரண்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், உள்பக்கம் வெள்ளையாகக் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதிலிருந்து வர வேண்டிய அவ்வளவு சர்க்கரையும் குப்பைக்குத்தான் போகிறது. ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள், அது அவர்கள் மில்லுக்கும் அவர்கள் வாங்கும் மால்ட்டுக்கும் சரி. நீங்கள் தட்டைப் பாருங்கள்.

கேள்வி: ஏடிஎம் கார்டை நடுவில் வைத்து அளந்தால் போதாதா?

கார்டின் தடிமன் 0.76 மி.மீ. மால்ட்டைத் துணிப் பையில் போட்டு வெந்நீரில் ஊற வைத்துக் காய்ச்சுபவருக்கு அது நல்ல அளவு, ஏனென்றால் வடிகட்டுவது பை, உமி இல்லை. அடியில் துளையுள்ள வடிதட்டு வைத்த பாத்திரம் என்றால் உமிதான் வடிகட்டி, அதற்கு இது ரொம்ப நெருக்கம், 1 மி.மீ. பக்கம் ஆரம்பியுங்கள். பேசாமல் ஒரு ஃபீலர் கேஜ் வாங்கிவிடுங்கள், மெக்கானிக் வால்வு இடைவெளி பார்ப்பாரே, அதுதான், விலையும் அதிகமில்லை. 1.1 வேண்டுமென்றால் 0.6, 0.5 தகடுகளைச் சேர்த்துப் பிடித்தால் வந்துவிடும். உருளையின் இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் 0.9, மறுபக்கம் 1.2 என்று இருந்தால் மாவும் முழு மணியும் சேர்ந்தே விழும், காரணம் தெரியாமல் மண்டை காயும். இன்னொன்று, திருகை இறுக்கும்போது உருளை லேசாக நகரும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

கேள்வி: நெருக்கியதும் மணி உள்ளேயே இறங்கவில்லை. ஒரு உருளை சுற்றுகிறது, மற்றது சும்மா நிற்கிறது.

பல மில்களில் கைப்பிடி ஒரு உருளையைத்தான் சுற்றும், மற்றது மணி உராய்வதால் சுற்றுவது. அதன் அச்சில் தூசி ஏறினால் நின்றுவிடும், கழற்றித் துடைத்துப் போடுங்கள். அச்சு சுத்தமாக இருந்தும் வழுக்கினால் உருளையின் வரிகள் தேய்ந்திருக்கலாம், அல்லது சிறிய உருளைக்கு அந்த இடைவெளி தாங்காது, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: நன்றாக உடைகிறது, ஆனால் வடிக்கும்போது மாஷ் (வெந்நீரில் ஊறிய மால்ட் கூழ்) அடைத்துக்கொள்கிறது.

உமி கிழிந்துவிட்டது. இடைவெளியை அகலமாக்குவதற்கு முன் உமியை நனைத்துப் பாருங்கள். உடைக்காத 5 கிலோ மால்ட்டுக்கு 100 மி.லி. தண்ணீர், ஸ்ப்ரே பாட்டிலில் தெளித்துத் தெளித்துக் கையால் பிரட்ட வேண்டும், அப்புறம் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். கையில் எடுத்தால் சலசல சத்தம் போய், உமி தோல் மாதிரி வளையும், ஆனால் மணி கையில் ஒட்டாது. அந்தப் பதம்தான். இனி நெருக்கமாக உடைத்தாலும் உமி முழுசாக வரும். ஒட்டினால் தண்ணீர் அதிகம், உருளையில் பசையாகப் படியும், காய விட்டுப் போடுங்கள்.

கைப்பிடிக்குப் பதில் டிரில்லில் ஓட்டுகிறீர்களா என்று சொல்லவில்லை. ஓட்டினால் வேகத்தைக் குறையுங்கள், நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுப் போதும். முழு வேகத்தில் விட்டால் எந்த இடைவெளியிலும் உமி கிழியும்.

கேள்வி: கோதுமை மால்ட், ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) மால்ட்டுக்கும் இதே அளவா?

இல்லை. இரண்டும் சின்ன மணி, கோதுமை கடினமும்கூட, பார்லிக்கு வைத்த இடைவெளியில் பாதி அப்படியே நழுவிவிடும். தனியாக, 0.7 அல்லது 0.8-இல் உடையுங்கள். இவற்றுக்கு உமியே கிடையாது என்பதால் கிழியும் பயம் இல்லை. ஆனால் அளவு அதிகமென்றால் வடிய வழி வேண்டும், நெல் உமி ஒரு பிடி சேர்ப்பார்கள்.

கேள்வி: மிக்சியில் அடித்தால் என்ன?

மிக்சி வெட்டும், நசுக்காது. உமியும் மாவாகும். பை முறையில் கால் கிலோ கறுப்பு மால்ட் என்றால் விட்டு விட்டு அடித்துக்கொள்ளுங்கள், ஐந்து கிலோவுக்கு வேண்டாம்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். எவ்வளவு நெருக்கினாலும் மாஷில் 62 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இறங்கவில்லை.

தட்டில் முழு மணியே இல்லை என்றால் மில்லை விட்டுவிடுங்கள், குற்றம் அதனிடம் இல்லை. லண்டன் தண்ணீர் காரத்தன்மை மிகுந்தது, வெளிர் மால்ட் மட்டும் போட்டால் மாஷின் பிஹெச் (அமில, கார அளவு) ஏறி நிற்கும். 5.2-க்கும் 5.6-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாவுக் கட்டி உடையக் கிளறினீர்களா என்பதும் ஒரு கேள்வி. ஒரு தடவை காய்ச்சும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கேள்வி: ஊருக்குப் போகும்போது மில்லைச் சென்னைக்குக் கொண்டுபோய் அங்கே காய்ச்சலாமா?

வேண்டாம். பிரிட்டனில் 1963 முதல் சொந்தத் தேவைக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: மில்லைக் கழுவலாமா?

கூடவே கூடாது, துருப்பிடிக்கும். காய்ந்த பிரஷ் போதும். புளிக்கும் பாத்திரம் இருக்கும் அறையில் மட்டும் உடைக்காதீர்கள், மால்ட் தூசியில் லாக்டோபாசிலஸ் என்ற பாக்டீரியா நிறைய, பீரைப் புளிப்புச் சுவையாக்கிக் கெடுத்துவிடும். மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.