உள்ளூர்ப் பத்திரிகை மூடினால் ஓட்டு எப்படி மாறுகிறது? – கேள்வி பதில்

அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்படுவது, சமூக ஊடகம், தேர்தல் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: செய்தியெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. பேப்பர் மூடினால் என்ன நஷ்டம்?

எந்தச் செய்தி வருகிறது என்று பாருங்கள். வாஷிங்டனில் யார் யாரைத் திட்டினார் என்பது உடனே வந்துவிடும். உங்கள் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியம் பட்ஜெட்டில் எதை வெட்டியது என்பது வராது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஒரு ஆள் இருந்தால்தானே வரும்? 2005க்குப் பிறகு அந்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் போய்விட்டன. பெரும்பாலானவை சின்ன ஊர்களின் வாரப் பத்திரிகைகள்.

கேள்வி: இதனால் ஓட்டே மாறுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி போஸ்ட் நாளிதழ் 2007 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அது அதிகம் கவனித்துவந்த, பக்கத்து மாநிலமான கென்டக்கியில் உள்ள புறநகர்களை ஆய்வாளர்கள் பார்த்தபோது, போட்டியிடுபவர்கள் குறைந்திருந்தார்கள், ஓட்டுப்பதிவு குறைந்திருந்தது, பதவியில் இருப்பவரே திரும்ப ஜெயிப்பது கூடியிருந்தது. ஒரு வட்டாரத்தின் கணக்கை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரமாட்டேன். ஆனால் 2018இல் வந்த இன்னொரு ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. அதிபருக்கு ஒரு கட்சி, செனட்டுக்கு வேறு கட்சி என்று பிரித்து ஓட்டுப் போடுவது, பத்திரிகை மூடிய இடங்களில் கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைந்திருந்தது. வேட்பாளரைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது கட்சிப் பெயர் ஒன்றுதான் கையில் மிஞ்சுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் மையமே இதுதான்.

கேள்வி: தவறு நடந்தால் பிடிக்கக் கணக்குத் தணிக்கை, நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றனவே?

கலிபோர்னியாவில் பெல் என்ற சிறு நகரம். மக்கள்தொகை சுமார் 37,000. தொடர்ந்து கவனிக்க அதற்கென்று பத்திரிகை இல்லை. 2005இல் அங்கே ஒரு சிறப்புத் தேர்தல் நடந்தது. நகராட்சிக்குத் தனிச் சாசனம், அதாவது தன் விதிகளைத் தானே வகுக்கும் உரிமை, வேண்டுமா என்பதுதான் கேள்வி. வந்து ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர் கூட இல்லை. அந்தச் சாசனம் வந்தால் நகர மன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்கு மாநிலம் வைத்த உச்சவரம்பு பொருந்தாது என்பதை எடுத்துச் சொல்ல யாருமில்லை. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தபோது, நகர நிர்வாகியின் ஆண்டுச் சம்பளம் 8 லட்சம் டாலரை நெருங்கியிருந்தது. பகுதிநேர உறுப்பினர்கள் பலர் தலைக்கு ஒரு லட்சம் டாலர் அளவில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கு, சிறை எல்லாம் பிறகு வந்தன. ஆனால் நடுவில் போன ஐந்து வருடப் பணம் ஏழைத் தொழிலாளர்கள் கட்டிய வரி. நிருபர் ஒருவர் 2005லேயே அந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் சமூக ஊடகம் மக்கள் மனதை மாற்றுவதில்லையா?

நினைக்கிற அளவுக்கு நேரடியாக இல்லை. 2020 தேர்தல் சமயத்தில் சிலருக்கு மூன்று மாதம் ஃபேஸ்புக் தானே தேர்ந்தெடுத்துக் காட்டாமல், பதிவுகளை வெறும் கால வரிசைப்படி காட்டிப் பார்த்தார்கள். பார்த்த பதிவுகள் மாறின, அரசியல் கருத்து பெரிதாக மாறவில்லை. ஆனால் ஓட்டுச்சாவடிக்குப் போக வைக்கும் வலு அதற்கு உண்டு. 2010இல் சுமார் 6 கோடிப் பேருக்கு, நண்பர்கள் ஓட்டுப் போட்டதை அவர்கள் படத்தோடு காட்டினார்கள். அதனால் 3,40,000 ஓட்டு கூடியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். என் கவலை வேறு. எதைப் பற்றிப் பேசுவது என்பதையே அது தீர்மானிக்கிறது. தேசியச் சண்டைக்குக் கிடைக்கும் பகிர்வு உங்கள் ஊர்க் குடிநீர்க் கட்டணத்துக்குக் கிடைக்காது.

கேள்வி: எங்கள் ஊர் ஃபேஸ்புக் குழுவில் எல்லாம் வந்துவிடுகிறதே?

காணாமல் போன நாய்க்குட்டிக்கு அது நல்ல இடம். ஒரு குற்றச்சாட்டு வந்தால், எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு விசாரிக்கும் பொறுப்பு அங்கே யாருக்கும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை போலவே பெயர் வைத்துக்கொண்டு, அரசியல் பணத்தில் நடக்கும் தளங்களும் நிறைய உண்டு. எழுதியவர் பெயர், அலுவலக முகவரி இல்லாவிட்டால் நம்பாதீர்கள்.

கேள்வி: ஜார்ஜ் சாண்டோஸ் விஷயத்தில் உள்ளூர்ப் பத்திரிகை இருந்தும் அவர் ஜெயித்தாரே?

சரியான கேள்வி. சாண்டோஸ் தன்னைப் பற்றிப் பல பொய்களைச் சொல்லி, 2022இல் நியூயார்க்கிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வானவர். லாங் ஐலண்டின் நார்த் ஷோர் லீடர் வாரப் பத்திரிகை, 2022 தேர்தலுக்கு முன்பே அவருடைய சொத்துக் கணக்கைச் சந்தேகித்து எழுதியது. பெரிய பத்திரிகைகளும் டிவியும் அதைக் கையில் எடுக்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் எழுதியது டிசம்பரில், அவர் ஜெயித்த பிறகு. 2023 டிசம்பர் 1 அன்று நாடாளுமன்றக் கீழவை அவரை நீக்கியது. சின்னப் பத்திரிகை எழுதினால் மட்டும் போதாது, அதைப் படித்துப் பின்தொடர நடுத்தர நாளிதழ்களில் ஆளும் வேண்டும். அந்த ஆட்களும்தான் குறைந்துவிட்டார்கள்.

கேள்வி: பத்திரிகையே இல்லாத ஊரில் இருக்கிறேன். ஓட்டுப் போடுமுன் என்ன செய்வது?

நகர மன்றம், பள்ளி வாரியம் இரண்டின் கூட்டக் குறிப்புகளும் பொது ஆவணங்கள், பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். இப்போதைய உறுப்பினர் மறுபடி நின்றால், கடைசி பட்ஜெட் தீர்மானத்தில் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று முதலில் பாருங்கள். புதியவர்களுக்கு, பெண் வாக்காளர் லீக் என்ற கட்சி சாராத அமைப்பு நடத்தும் ‘வோட் 411’ தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் வேட்பாளர் பட்டியல் வரும், பதில் அனுப்பியவர்களின் பதிலும் இருக்கும். பக்கத்து ஊரில் லாப நோக்கமில்லாத செய்தித் தளம் ஏதாவது இருந்தால் சந்தா கட்டுங்கள். உங்கள் ஊர்க் கூட்டத்துக்கும் நிருபரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.