வேட்டைவிலங்கும் இரையும்: நடமாட்டம் குறித்த கேள்வி பதில்

தூரக் கணக்கோடு கேட்பவர்கள், எத்தனை நிமிட இடைவெளியில் எடுத்த ஜி.பி.எஸ். பதிவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: சார், வேட்டைவிலங்கு, இரை எண்ணிக்கைகள் ஒன்றையொன்று மாற்றுவதைக் கணிக்கும் லாட்கா–வோல்ட்டெரா சமன்பாட்டில் எங்கள் கணக்கெடுப்பு எண்களைப் போட்டால் பொருந்தவே இல்லை. எங்கே தப்பு?

பதில்: எண்களில் தப்பு இருக்க வேண்டியதில்லை. எந்த வேட்டைவிலங்கும் எந்த இரையையும் எப்போது வேண்டுமானாலும் சந்திக்கும் என்று அந்தச் சமன்பாடு வைத்துக்கொள்கிறது. காட்டில் யார் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் சந்திப்பைத் தீர்மானிக்கும். 1934இல் காஸ் என்ற ஆய்வாளர் ஒரே குழாயில் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரியையும் அதைத் தின்னும் இன்னொரு ஒற்றைச்செல் உயிரியான டிடினியத்தையும் விட்டார். இரை தீர்ந்தது, பிறகு டிடினியமும் பட்டினியில் மடிந்தது. 1958இல் ஹஃபேக்கர் என்ற ஆய்வாளர் ஆரஞ்சுப் பழங்களைப் பரப்பி, சிலந்திப்பேனையும் அதைத் தின்னும் வேட்டைப்பேனையும் விட்டார். நடுவே வாசலின் தடவி வேட்டைப்பேனின் நடையைத் தடுத்தார். குச்சிகள் நட்டு, இரைப்பேன் உச்சியில் ஏறி நூல்விட்டுக் காற்றில் மிதந்து போக வழி வைத்தார். 252 பழங்கள் கொண்ட அமைப்பில் மூன்று ஏற்ற இறக்கங்கள் வந்தன. தனித்தனிப் பழங்களில் இரை அழிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் வேட்டைப்பேன் வந்து சேர்வதற்குள் அது வேறொரு பழத்தில் பெருகியிருந்தது.

கேள்வி: இரை அசையாமல் இருந்தால் பிழைக்குமா?

பதில்: வேட்டையாடுவது எந்த வகை என்பதைப் பொறுத்தது. இரண்டும் திசை பார்க்காமல் சுற்றுவதாக வைத்தால், மணிக்கு நேரும் சந்திப்பு = 2 × கண்டறியும் தூரம் × சார்புவேகம் × இரையின் அடர்த்தி. இரு வேகங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சார்புவேகம் தோராயமாக வந்துவிடும். வேட்டைவிலங்கு மணிக்கு 1 கி.மீ., இரை 0.2 கி.மீ., கண்டறியும் தூரம் 50 மீட்டர், சதுர கி.மீ.க்கு 3 இரை என்றால் 0.306 சந்திப்பு. இரை அடியோடு நின்றுவிட்டால் 0.3. வெறும் 2 சதவீத லாபம். அதே வேட்டைவிலங்கு பதுங்கிக் காத்திருக்கும் வகை என்றால், அசைவதெல்லாம் இரை மட்டும்தான்: 0.06. இங்கே இரை தன் வேகத்தைப் பாதியாக்கினால் ஆபத்தும் பாதி. அசைகிற விலங்கு சீக்கிரம் கண்ணில் படும் என்பது வேறு கணக்கு. அது கண்டறியும் தூரத்தை மாற்றும், அதைத் தனியாக அளக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டைப் பதிவுப்படி விலங்கு நாளுக்கு 4 கி.மீ. நடக்கிறது. சரியாக இருக்குமா?

பதில்: எத்தனை நிமிட இடைவெளி? நான்கு மணிக்கொரு பதிவென்றால் வளைவெல்லாம் நேர்கோடாகி, தூரம் குறைந்து தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றென்றால் பிழை மறுபக்கம் சாயும். நாள் முழுக்கப் படுத்திருக்கும் விலங்குக்கும் 288 பதிவு வரும். அடுத்தடுத்த பதிவு 10 மீட்டர் தள்ளித் தள்ளி விழுந்தால், அது கிட்டத்தட்ட 3 கி.மீ. நடந்ததாகக் கணக்கு காட்டும். படுத்திருந்த நேரத்தை முதலில் பிரித்தெடுத்துவிட்டுக் கூட்டுங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்ற மான் வகை மட்டும் எப்படி இவ்வளவு?

பதில்: வலசைதான் பெரிய காரணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம் மழையையும் புல்லையும் தேடி நகர்கிறது. சிங்கம் தன் எல்லையையும் குட்டிகளையும் விட்டுப் பின்னால் போக முடியாது. கூட்டம் போனபின் அங்கேயே தங்கும் இரையை வைத்துத்தான் அது காலம் தள்ள வேண்டும், அதனால் சிங்கத்தின் எண்ணிக்கை அந்தக் குறைந்த இரைக்குள் அடங்குகிறது. புள்ளிக் கழுதைப்புலி மட்டும் வளையில் குட்டிகளை விட்டு, பல பத்து கி.மீ. போய்த் தின்றுவிட்டுத் திரும்பும். வலசை மட்டுமே காரணமும் இல்லை. 1960களில் ரிண்டர்பெஸ்ட் என்ற கால்நடைக் கொள்ளைநோய் ஒழிந்த பிறகுதான் எண்ணிக்கை பல மடங்கானது.

கேள்வி: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாயைக் கண்ட பயத்திலேயே எல்க் மான்கள் ஆற்றங்கரையை விட்டு ஒதுங்கின, மரங்கள் மீண்டன. சரிதானே சார்?

பதில்: இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. 1995–96இல் 31 ஓநாய்களை விட்டார்கள். வடக்கு எல்க் கூட்டம் சுமார் 19,000இலிருந்து 2013இல் 4,000க்கும் கீழே வந்தது. அதே காலத்தில் கரடியும் பூமாவும் கூடின, பூங்காவுக்கு வெளியே மனிதர்களும் சுட்டார்கள். வாய்கள் குறைந்ததால் மேய்ச்சல் குறைந்ததா, பயத்தால் குறைந்ததா என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

(இன்னொருவர்: பயம் மட்டுமே எண்ணிக்கையைக் குறைக்கும் என்று சிட்டுக்குருவி வகை ஒன்றில் நிரூபித்திருக்கிறார்களே?)

பதில்: ஆமாம், 2011இல், பாட்டுச் சிட்டில். கூடுகளை வலையும் வேலியும் போட்டுக் காத்துவிட்டு, வேட்டைவிலங்குகளின் ஒலியை மட்டும் போட்டார்கள். குஞ்சுகள் 40 சதவீதம் குறைந்தன. அருமையான சோதனை. ஆனால் கூடு கட்டிய பறவை எங்கே போகும்? இனப்பெருக்கக் காலம் முழுக்க ஒலி அதைத் துரத்துகிறது. எல்க் அப்படியில்லை. ஓநாய்கள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். அவை ஓய்ந்த இரவு நேரத்தில் அதே திறந்த வெளியில் எல்க் மேய்வதைக் கழுத்துப்பட்டைப் பதிவுகள் காட்டின. இடம் மாற முடிகிற விலங்குக்குப் பயத்தின் விலை குறைவு.

(அவரே: அப்படியானால் யெல்லோஸ்டோனில் ஆஸ்பென் மரக் கன்றுகள் வளர்ந்தது பொய்யா?)

பதில்: பொய்யில்லை, மிகைப்படுத்தல். ஒவ்வொரு தோப்பிலும் மிக உயரமான ஐந்து கன்றுகளை மட்டும் அளந்தால் மீட்சி பெரிதாகத் தெரியும். கண்டபடி தேர்ந்தெடுத்த கன்றுகளை அளந்தபோது அது வெகுவாகச் சுருங்கியது. ஆற்றோர வில்லோ மரங்களிலும் மேய்ச்சலைத் தடுக்கும் வேலி மட்டும் போதவில்லை. ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற கொறிவிலங்கு போனதால் ஓடை ஆழமாக அரித்து நிலத்தடி நீர் இறங்கியிருந்தது. சிறு அணை போட்டு நீரை உயர்த்தி, மேய்ச்சலையும் தடுத்த இடத்தில்தான் வில்லோ நன்றாக உயர்ந்தது. பயத்தை அளக்க விரும்பினால், ஓநாய் உள்ள நேரம், இல்லாத நேரம் என்று பிரித்து அதே இடத்தில் மேய்ச்சலை அளவிடுங்கள்.

கேள்வி: சமன்பாடு பொருந்தாதது ஏன்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: எங்கள் விலங்கு நாளுக்கு 11 கி.மீ.

பதில்: இடைவெளி?

கேள்வி: கழுத்துப்பட்டை போட்ட விலங்குக்குப் புண் வந்தால் என்ன மருந்து?

பதில்: வனவிலங்கு மருத்துவரிடம் கேளுங்கள், இன்றே.

கேள்வி: வெளியிலிருந்து ஒரே ஒரு விலங்கு வந்தால் எண்ணிக்கை மாறிவிடுமா?

பதில்: அமெரிக்காவின் ஐல் ராயல் தீவைப் பாருங்கள். சுப்பீரியர் ஏரி உறைந்தபோது பனிமேல் நடந்துதான் ஓநாய்கள் அந்தத் தீவுக்கு வந்தன. 1997இல் ஒற்றை ஆண் ஓநாய் அதே வழியில் வந்து, உள்ளினக் கலப்பால் (நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணைசேர்வதால்) நலிந்த கூட்டத்துக்குப் புது ரத்தம் சேர்த்தது. காலப்போக்கில் அதன் வாரிசுகளே எங்கும் நிறைந்து, உள்ளினக் கலப்பு மறுபடி கூடியது. பனிப்பாலம் அமைவதும் அரிதாகிவிட்டது. 2016இல் மிஞ்சியவை இரண்டு ஓநாய்கள். அவற்றின் இரையான மூஸ் என்ற பெரிய மான் 2,000ஐத் தாண்டியது. 2018–19இல் 19 ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சிறிய கூட்டத்தை மாதிரியில் வைக்கும்போது, தலைமுறைக்கு எத்தனை வருகை என்பதையும் ஓர் அளபுருவாகச் சேருங்கள், அதைப் பூஜ்ஜியமாக வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.