பிரசவம் பார்க்க அல்ல, சொல்லிக்கொடுக்க: சியரா லியோன் கேள்வி பதில்

2017 முதல் 2019 வரை இரண்டு வருடம் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சியரா லியோனில் மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் படிப்பு) மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராக இருந்தேன். அதற்கு முன் தமிழ்நாட்டில் லேபர் ரூமில் ஒன்பது வருடம், நர்சிங் கல்லூரியில் டியூட்டராகப் பதின்மூன்று வருடம். போக நினைப்பவர்கள் கேட்கலாம் என்று சொன்னதும் நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. என் வேலைக்கு உட்பட்டவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஜிஎன்எம் நர்ஸ், திருநெல்வேலி): மேடம், எனக்கு லேபர் ரூமில் நாலு வருட அனுபவம். நானும் போக முடியுமா?

நர்சாகப் போக முடியலாம். ஆசிரியராகப் போக, சொல்லிக்கொடுத்த அனுபவம் வேண்டும். கல்லூரியில்தான் என்றில்லை, வார்டில் மாணவிகளுக்குப் பொறுப்பாக இருந்திருந்தாலும் அதை எழுதிக் காட்டுங்கள். யுஎன் வாலன்டியர்ஸ் (ஐ.நா.வின் தன்னார்வலர் அமைப்பு), விஎஸ்ஓ போன்ற தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளின் இணையதளத்தில் இடங்கள் வரும்போது தகுதியை விவரமாகப் போடுவார்கள். இன்னொன்று. இங்கே உள்ள பதிவு அங்கே செல்லாது. அந்த நாட்டு நர்சிங் மிட்வைஃபரி அமைப்பில் பதிவு வாங்கிய பிறகுதான் ஒரு தாயைத் தொட வேண்டும். அனுப்புகிற அமைப்பு "அதெல்லாம் வேண்டாம்" என்று சொன்னால், அந்த அமைப்பே வேண்டாம்.

கேள்வி (கோவை): சம்பளம் எவ்வளவு வரும்?

சம்பளம் இல்லை. தங்க இடமும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் போதுமான படியும் தருவார்கள். வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு மிஞ்சாது.

கேள்வி (பிஎஸ்சி நர்சிங் டியூட்டர், மதுரை): அவர்களுக்கும் பாடப்புத்தகம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நீங்கள் போய்ப் புதிதாக என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?

நல்ல கேள்வி. கிளம்புவதற்கு முன் இதை நான் என்னிடமே கேட்டிருக்க வேண்டும்.

முதலில் நிலைமை. 2013 கணக்கெடுப்பில் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,165 தாய்மார்கள் இறந்தார்கள். 2019 கணக்கெடுப்பில் அது 717. தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி 54. நடுவில் எபோலா வந்து, அந்தச் சின்ன நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டுபோனது. என் மாணவிகள் பலர் அந்த நாட்களில் வார்டில் நின்றவர்கள். ஏற்கெனவே நர்சாக வேலை பார்த்துவிட்டு, பிள்ளை குட்டிகளோடு திரும்பப் படிக்க வந்தவர்கள். அவர்களுக்குப் பாடம் தெரியும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்குக்குக் காரணம் என்ன என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். குறைவாக இருந்தது, கையால் செய்து பழகும் நேரம்.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றுகிற துணிக்கு லாப்பா என்று பெயர். பிரசவத்துக்கு வரும்போது இரண்டு மூன்று கொண்டுவருவார்கள், அதையேதான் அடியில் விரிப்பார்கள். நான் செம்பருத்திச் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சி, சரியாக 500 மி.லி. அளந்து, யாரும் பார்க்காதபோது ஒரு பழைய லாப்பாவில் ஊற்றி மேஜையில் வைத்தேன். எவ்வளவு ரத்தம் என்று சீட்டில் எழுதச் சொன்னேன். 22 பேரில் 17 பேர் 200, 250 என்று எழுதினார்கள். என்னோடு வேலை பார்த்த உள்ளூர் டியூட்டர் 300 என்று எழுதினார். பிறகு அளவுக் குவளையைக் காட்டினேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் போன மாதம் நாங்கள் 400 என்று எழுதிய கேஸ்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் அந்த கேஸைத்தான் பேசினோம்.

கண்ணால் மதிப்பிடுவது எங்கேயும் குறைவாகத்தான் வரும், நம் ஊரிலும்தான். 2023-இல் வெளிவந்த இ-மோட்டிவ் ஆய்வில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் தாயின் அடியில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்றாகச் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபத்துகளும் 60 சதவீதம் குறைந்தன. முதலில் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மருந்து.

மருந்து என்றதும் ஒரு எச்சரிக்கை. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்புக்குப் போடுகிற மெக்னீசியம் சல்பேட்டை நம் ஊரில் ஆம்ப்யூல் (ஊசி மருந்துக் குப்பி) கணக்கில் சொல்லிப் பழகியிருக்கிறோம். 2 மி.லி. ஆம்ப்யூலில் 1 கிராம், அதனால் முதல் டோஸ் "14 ஆம்ப்யூல்". வெளிநாடுகளில் 10 மி.லி. ஆம்ப்யூலும் வரும், ஒன்றிலேயே 5 கிராம் இருக்கும். பழக்கதோஷத்தில் எண்ணினால் ஐந்து மடங்கு ஏறிவிடும், மூச்சு நின்றுவிடும். ஆம்ப்யூலை எண்ணாதீர்கள், கிராமை எண்ணுங்கள்.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ், தஞ்சாவூர்): அவசரம் என்றால் நாமே கையைப் போட்டுப் பிரசவம் பார்க்கலாம்தானே?

உயிர் போகிற நேரத்தில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எந்த நேரம் அது என்பதில் நான் தவறியிருக்கிறேன்.

போன இரண்டாவது வாரம். தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. மூன்றாவது செமஸ்டர் மாணவி கால்களை மடக்கச் சொல்லி, முறையாகத்தான் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையை விலக்கிவிட்டு நானே குழந்தையின் பின்பக்கக் கையை முதலில் வெளியே எடுத்தேன். குழந்தை நன்றாக அழுதது, எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். பத்து நாள் கழித்து, ராத்திரியில் அதே மாதிரி இன்னொரு கேஸ். நான் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதே மாணவி டூட்டியில். தானே செய்யாமல் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். நான் ஓடிப் போவதற்குள் அனுபவமுள்ள ஒரு மிட்வைஃப் வந்து எடுத்துவிட்டார். குழந்தைக்குப் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. பிழைத்தது. மறுநாள் உள்ளூர் டியூட்டர் என்னைத் தனியாக அழைத்து, "அவளுக்குத் தெரியும். தெரியாது என்று நீங்கள்தான் அவளுக்குக் காட்டிவிட்டீர்கள்" என்றார்.

அதற்குப் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்லிப் பழகினேன். அது பிரசவம் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

கேள்வி (மருத்துவ மாணவர், சென்னை): மூன்று வாரம் லீவு இருக்கிறது. போய் பத்துப் பிரசவமாவது பார்த்துவிட்டு வரலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் பத்தும் அங்கே படிக்கிற பெண்களுக்குக் கிடைக்க வேண்டியவை. இங்கே பதிவில்லாமல் செய்ய முடியாததை அங்கேயும் செய்யக் கூடாது. லேபர் ரூமில் போட்டோவும் எடுக்கக் கூடாது.

கேள்வி (சேலம்): மாதம் என்ன கிடைக்கும் மேடம்?

மேலே கோவைக்காரருக்குச் சொன்னதுதான். சம்பளத்துக்கு வெளிநாட்டு வேலை வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைப் பாருங்கள், சென்னையில் இருக்கிறது.

கேள்வி (நாகர்கோவில்): பாஷை தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள் சிஸ்டர்?

வகுப்பு ஆங்கிலத்தில். தாயின் பக்கத்தில் கிரியோ, டெம்னே, மெண்டே. கிரியோ சீக்கிரம் வரும். பார்த்ததும் "குஷே", அப்புறம் "அவ் டி பாடி?" உடம்பு எப்படி என்று கேட்பது. நலம் என்றால் "டி பாடி ஃபைன்". கர்ப்பிணியை "பெலே உமன்" என்பார்கள், வயிற்றுக்காரி. நம் பாட்டிமார் வயிற்றுப்பிள்ளைக்காரி என்பார்களே, அதேதான். இதைச் சொன்னபோது என் மாணவிகள் கைதட்டினார்கள், எனக்கும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. உறவு முறை கேட்காமல் யாரிடமும் பரிசோதனையைத் தொடங்காதீர்கள். கூட வந்திருப்பது அம்மாவா, மாமியாரா, மருத்துவச்சியா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (ஆசிரியர், ஈரோடு): மருத்துவச்சி என்றதால் கேட்கிறேன். என் பாட்டிக்கு எட்டுப் பிரசவம், எட்டும் வீட்டில், மருத்துவச்சி கையால். உங்களைப் போன்றவர்கள் போய் அந்த நாட்டிலும் அந்த அறிவை அழிக்கத்தானே போகிறீர்கள்?

கோபம் புரிகிறது. ஆனால் எட்டுப் பேரும் பிழைத்த வீட்டில்தான் கதை சொல்லப் பேரன் இருப்பார். 2010 ஏப்ரல் 27 அன்று சியரா லியோனில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் தொடங்கினார்கள். அதையொட்டிப் பல ஊர்களில் வீட்டுப் பிரசவத்துக்கு அபராதம் வைத்தார்கள். அபராதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தத்தை நிறுத்துகிற ஆக்சிடோசின் ஊசி இல்லாத வீட்டில், எவ்வளவு கைராசிக்காரியாக இருந்தாலும், அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்?

(ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம்): குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் மேடம். நான் 1980-களில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தவள். நல்ல மனசுக்காரிகள். நஞ்சுக்கொடி விழாத கேஸை மாட்டு வண்டியில் ஏற்றி, கூடவே அழுதுகொண்டு வருவார்கள். அந்த வண்டிகள் எத்தனை பாதியில் திரும்பின என்பதை ஈரோட்டுக்காரர் தெரிந்துகொள்ளணும்.

அக்கா, இதை நீங்கள் சொன்னதுதான் சரி. கைவிட்டது அவர்களை இல்லை, பயிற்சி மட்டும் போதும் என்ற நம்பிக்கையை. 1990-களின் இறுதியில் உலக அளவிலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. சியரா லியோனில் நான் பார்த்த மருத்துவச்சிகள் பலர் தாயைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களாக மாறியிருந்தார்கள். உள்ளே வந்து தலைமாட்டில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துவிடுவார்கள். அந்தக் கையை வெளியே அனுப்பாதீர்கள் என்று மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

(ஈரோடு, மறுபடியும்): சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ஏன் பாதிப் பேருக்கு வயிற்றைக் கிழிக்கிறீர்கள்?

இது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம். நான் இருந்த காலத்தில் சியரா லியோனில் அது நூற்றுக்கு ஐந்தைத் தொடவில்லை. அங்கே ஆபரேஷன் கிடைக்காமல் சாகிறார்கள், இங்கே தேவையில்லாதவர்களுக்கும் நடக்கிறது. இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது ஒரே ஆள்தான்: வலி தொடங்கியதிலிருந்து பக்கத்திலேயே இருந்து, பொறுமையாகப் பார்த்து, எப்போது விட வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்று தெரிந்த மிட்வைஃப். இந்தியாவில் நாடு தழுவிய அளவில் 2018-இல்தான் மிட்வைஃபரிக்கென்று தனியாக 18 மாதப் படிப்பு அறிவித்தார்கள், அதற்கு முதலில் ஆசிரியர்களைத்தான் தயார்செய்ய வேண்டியிருந்தது. நம் வீட்டிலேயே இந்தக் குறை இருக்கும்போது அங்கே ஏன் போனீர்கள் என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறித்துப் பார்க்கும் வரைபடமான பார்ட்டோகிராஃபை 1972-இல் நமக்கெல்லாம் பயனாகும்படி ஆக்கித் தந்தது இன்றைய ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் வேலை பார்த்த மருத்துவர் பில்பாட்டும் அவர் கூட்டாளியும். ரத்தப்போக்கை நிறுத்த ஆணுறையைக் கதீட்டர் குழாயில் கட்டிக் கருப்பையில் உப்பு நீர் நிரப்பலாம் என்று காட்டியவர் டாக்கா மருத்துவர் சாயெபா அக்தர். இந்தத் துறையில் நாம் சாப்பிட்டது எல்லாம் ஒரே வீட்டுச் சோறு இல்லை.

இந்த விவாதம் பற்றி இன்னும் பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள். இதோடு நிறுத்திக்கொள்கிறேன், போக விரும்புகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (ஆண் செவிலியர், வேலூர்): எனக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு. வகுப்பிலும் அவசர சிகிச்சைப் பயிற்சியிலும் தயக்கமே இருக்காது. வார்டில் உள்ளூர் வழக்கத்தைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): ஒரு ஏஜென்ட் 80,000 ரூபாய் கேட்கிறார், கட்டலாமா?

கட்டாதீர்கள். தன்னார்வப் பணிக்குக் காசு கேட்பவர் ஏமாற்றுகிறார். யுஎன் வாலன்டியர்ஸ் எந்தக் கட்டத்திலும் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை.

கேள்வி (புதுச்சேரி): ஸ்டைபெண்ட் உண்டா? ஏஜென்ட் மூலம் போகலாமா?

மேலே படியுங்கள் அம்மா. இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

கேள்வி (ஓசூர்): தடுப்பூசி, வியாதி பற்றிச் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அட்டையைத் தொலைக்காதீர்கள், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே கேட்பார்கள். மலேரியா மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. எல்லோரும் மறக்கிறது லாசா காய்ச்சல். எலியிடமிருந்து வருவது, நாட்டின் கிழக்கே கெனெமா பக்கம் அதிகம், கர்ப்பிணிகளை மிக மோசமாகத் தாக்கும். தொடக்கத்தில் மலேரியா மாதிரியேதான் இருக்கும். அதனால் காய்ச்சலோடு வருகிற எந்தத் தாயையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கையுறை தீர்ந்துவிட்டது என்றால், தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துச் சத்தம் போடுங்கள்.

கேள்வி (கரூர்): சாப்பாடு?

சோறு. சோறு சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதாகவே அவர்கள் நினைப்பதில்லை. மரவள்ளி இலைக் குழம்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கேள்வி (டியூட்டர், சிவகாசி): பெட்டியில் எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

புத்தகம் குறைவாக எடுங்கள், எடை வீண். நெற்றியில் கட்டுகிற டார்ச் இரண்டு, கூடுதல் பேட்டரியோடு. ராத்திரியில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாதபோது தையல் போட அதுதான். வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க, மரத்தில் செய்த பினார்ட் ஸ்டெதஸ்கோப் ஒன்று, அதற்குக் கரண்டும் வேண்டாம். நொடி முள் உள்ள சுவர்க் கடிகாரம் ஒன்று. நான் போன லேபர் ரூமில் இருந்தது நின்றுபோயிருந்தது. குழந்தை பிறந்த முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம், அந்த நிமிடத்தைப் பார்க்க ஒரு கடிகாரம் வேண்டாமா? நான் வாங்கிப் போனதை இப்போதும் அங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். பேட்டரி மாற்றுகிற பொறுப்பு அந்தந்த மாதம் டூட்டியில் இருக்கிற மூத்த மாணவிக்கு.