பிங்க் என்பவரும் ஃபிளாய்ட் என்பவரும்

அன்புள்ள ஐயா,

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் பாடல்களைக் கல்லூரி நாட்களிலிருந்து கேட்டு வருகிறேன். குழுவை நிறுவியவர்களுள் ஒருவரான சிட் பாரெட் வளர்த்த இரண்டு பூனைகளின் பெயர்களே குழுவின் பெயராயின என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். ஜோடியாகப் பாடிவந்த இரண்டு அமெரிக்கப் புளூஸ் பாடகர்களுக்குச் செய்த மரியாதை அது என்கிறார் என் நண்பர். எது சரி? இரண்டாவதே சரியென்றால், அந்தப் பாடகர்களுக்கு இதனால் ஏதேனும் நன்மை விளைந்ததா? அவர்களைக் கேட்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அவர்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த புளூஸ் என்னும் இசையைப் பாடிய இரண்டு பாடகர்கள் என்பது உண்மை. ஜோடி என்பதும் மரியாதை என்பதும் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டவை.

ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிக் ரைட் மூவரும் லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை மாணவர்களாகச் சந்தித்துக்கொண்டவர்கள். சிக்மா 6, மெகாடெத்ஸ், ஸ்க்ரீமிங் அப்டாப்ஸ், லியோனார்ட்ஸ் லாட்ஜர்ஸ் என்று அந்தக் குழு சட்டை மாற்றுவதுபோலப் பெயர் மாற்றிக்கொண்டு, ‘டீ செட்’ என்ற பெயரில் இயங்கி வந்தது. 1965இன் பிற்பகுதியில், தாங்கள் வாசிக்கவிருந்த ஒரு நிகழ்ச்சியில் அதே பெயருடைய இன்னொரு குழுவும் வாசிக்கப் போவது தெரியவந்தபோது, கேம்பிரிட்ஜிலிருந்து ஓவியம் படிக்க லண்டன் வந்து குழுவில் சேர்ந்திருந்த பாரெட், அந்த நேரத்து அவசரத்தில் சொன்ன பெயர்தான் ‘பிங்க் ஃபிளாய்ட் சவுண்ட்’. அதன் வாலில் இருந்த ‘சவுண்ட்’ சிறிது காலத்தில் உதிர்ந்துவிட்டது. பறக்கும் தட்டிலிருந்து அந்தப் பெயர் தமக்கு அருளப்பட்டது என்று பாரெட்டே பிற்பாடு கதை விட்டதுண்டு. பூனைக் கதையையும் அந்த வரிசையிலேயே வைத்துவிடலாம். அப்படி இரண்டு பூனைகள் இருந்திருந்தாலும் அவற்றுக்கு அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

அவை வந்தது ஓர் இசைத்தட்டின் உறையிலிருந்து. 1941இல் இறந்துபோன, பார்வையற்ற கரோலினாப் பாடகர் பிளைண்ட் பாய் ஃபுல்லரின் பழைய பதிவுகளைத் தொகுத்து, பிலிப்ஸ் நிறுவனம் 1962இல் பிரிட்டனில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் உறையில் அறிமுகக் குறிப்பு எழுதிய பால் ஆலிவர், பீட்மான்ட் என்னும் தென்கிழக்கு அமெரிக்க மலையடிவாரப் பகுதியின் சரிவுகளிலும் மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்குகளிலும் அந்நாளில் கேட்கக் கிடைத்த புளூஸ் பாடகர்கள் பலருள் சிலரைப் பெயர் சொல்லிச் செல்லும் ஒரே வாக்கியத்தில், பிங்க் ஆண்டர்சனும் ஃபிளாய்ட் கவுன்சிலும் அடுத்தடுத்து வருகிறார்கள். பாரெட் அந்த இரண்டு முதற்பெயர்களையும் எடுத்துச் சேர்த்துக்கொண்டார். (புளூஸ் ஆய்வாளராக அறியப்படும் ஆலிவர், நாட்டுப்புறக் கட்டடக்கலையிலும் உலகறிந்த அறிஞர். கட்டடக்கலை மாணவர்களின் குழுவுக்கு, அவர் அறியாமலே, அவருடைய வாக்கியத்திலிருந்து பெயர் கிடைத்திருப்பதை நான் ரசிக்கிறேன்.)

ஆக, அந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது ஆலிவரின் வாக்கியமே தவிர, ஒரு மேடையன்று. ஆண்டர்சன் 1900இல் தென் கரோலினாவின் லாரன்ஸில் பிறந்து ஸ்பார்ட்டன்பர்க்கில் வாழ்ந்தவர். பின்க்னி என்ற பெயரே பிங்க் என்று சுருங்கியது. கவுன்சில் 1911இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் பிறந்தவர். இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலைவழியே 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

ஆண்டர்சனின் தொழில் நமக்கு எளிதில் விளங்கும். சந்தையில் பாம்பும் கீரியும் காட்டிக் கூட்டம் சேர்த்த பிறகு லேகியம் விற்பார்களே, அதைப் போன்ற மருந்துக் காட்சிகள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஊர் ஊராகச் சுற்றி வந்தன. கெர் என்ற ‘டாக்டர்’ நடத்திய காட்சியில் பதின்ம வயதிலேயே சேர்ந்த ஆண்டர்சன், கிட்டார் வாசித்துப் பாடி, ஆடி, நகைச்சுவை பேசிக் கூட்டத்தைப் பிடித்து வைப்பார். கூட்டம் சேர்ந்ததும் டாக்டர் புட்டியைக் கையில் எடுப்பார். அந்தத் தொழில் செய்தவர் புளூஸை மட்டும் பாடிப் பிழைத்திருக்க முடியாது. கேட்பவர் வெள்ளையரோ கறுப்பரோ, நின்று கேட்க வைக்கும் எல்லாமே அவர் பையில் இருந்தாக வேண்டும். 1928இல் அட்லாண்டாவில், தமக்குக் கற்பித்தவரும் பார்வையற்றவருமான சிம்மி டூலியுடன் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்தவை நான்கே பாடல்கள். அதன்பின் 1950 வரை எந்த நிறுவனமும் அவரைத் தேடி வரவில்லை.

கவுன்சில் சேப்பல் ஹில் தெருக்களில் வாசித்து வந்தவர். 1937இல் நியூயார்க்கிற்குச் சென்று ஃபுல்லருடனும் தனியாகவும் பதிவுசெய்தார். ‘பிசாசின் மாமனார்’ என்று பொருள்படும் பட்டம் ஒன்றை அவர் பெயரோடு சேர்த்து இசைத்தட்டில் அச்சிட்டார்கள்; விற்பனைக்காகச் சூட்டிய பட்டந்தான். 1960களில் பக்கவாதம் அவர் தொண்டையைப் பாதித்தது. ஆண்டர்சனும் அதே பத்தாண்டில் பக்கவாதத்தால் வாசிப்பைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

மரியாதை என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் சொல்கிறேன். சிகாகோ புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாடலிலிருந்து பெயர் எடுத்த ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேயக் குழுவினர், அவருடைய பாடல்களைப் பாடினார்கள்; அவர் பதிவுசெய்த சிகாகோவின் செஸ் ஸ்டூடியோவுக்கே 1964இல் சென்று பதிவுசெய்தார்கள்; மறு ஆண்டு ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இன்னொரு புளூஸ் பாடகரான ஹவ்லிங் உல்ஃபைத் தங்களோடு மேடையேற்றினார்கள். பிங்க் ஃபிளாய்டும் தொடக்கத்தில் ஸ்லிம் ஹார்ப்போவின் புளூஸ் பாடல் ஒன்றைப் பதிவு செய்ததுண்டு. ஆனால் பாரெட்டின் கற்பனை அவர்களை வேறு திசைக்கு இழுத்துச் சென்றது. பெயர் வைத்த பாரெட்டும் 1968இல் குழுவை விட்டு விலகினார். இசை நிறுவனத்து ஆட்கள், உங்களில் பிங்க் யார் என்று கேட்டதைக் கேலியாக 1975ஆம் ஆண்டுப் பாடலொன்றில் வைத்தார்கள். அந்தக் கேலியின் இலக்கு இசை வணிகமே. ஆண்டர்சன் அங்கே நினைவுக்கு வரவில்லை. பெயரை யார் வைத்துக்கொள்வது என்பதில் ரோஜர் வாட்டர்ஸுக்கும் மற்றவர்களுக்கும் 1980களில் வழக்கே மூண்டது என்றால், அவசரத்தில் சூட்டிய பெயரின் சந்தை மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பெயர்களை எடுத்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உறைகளைப் படித்துத்தான் அன்றைய ஆங்கிலேய இளைஞர்கள் புளூஸையே அறிந்தார்கள்.

அந்த மதிப்பில் ஒரு பங்கும் கரோலினாவுக்குப் போகவில்லை. 1973 மார்ச்சில் குழுவின் மிகப் பெரிய விற்பனை கண்ட இசைத்தொகுப்பு வெளிவந்தபோது இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஆண்டர்சன் 1974 அக்டோபரிலும், கவுன்சில் 1976 மே மாதத்திலும் காலமானார்கள். இன்று அவர்களைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல இந்தக் குழுவின் வழியே வருபவர்களாகத்தான் இருப்பார்கள்.

கேட்கத் தொடங்குவதற்கு ஆண்டர்சனே ஏற்றவர். 1961இல் புளூஸ் ஆய்வாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் பதிவுசெய்த பாடல்கள், புளூஸ்வில் முத்திரையில் மூன்று இசைத்தட்டுகளாக வந்தன. அவற்றுள் மருந்துக் காட்சிப் பாடல்கள் அடங்கிய இரண்டாவதை முதலில் எடுங்கள். கட்டைவிரல் தாழ்ந்த தந்திகளில் தாளம் தவறாமல் நடக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும் பீட்மான்ட் பாணி அதில் தெளிவாகக் கேட்கும். கவுன்சிலின் சில பதிவுகள் கரோலினாப் புளூஸ் தொகுப்புகளில் கிடைக்கின்றன. ஊசி உராயும் இரைச்சலைப் பொருட்படுத்தாமல் கேட்க வேண்டியிருக்கும்.