ஹீட்டர், கீசர், ஓம் கணக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

கோத்தகிரியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பனி இறங்கிவிட்டால் எல்லாருக்கும் ஹீட்டர் சந்தேகம்தான். முதலிலேயே ஒன்று: ஓம், அதாவது மின்தடை, அளப்பதாக இருந்தால் பிளக்கை உருவிவிட்டு அளங்கள். திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபிக்காதீர்கள்.

ஊட்டி: அண்ணா, ரூம் ஹீட்டரில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது. மின்தடை எவ்வளவு?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 8.7. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்: கிட்டத்தட்ட 26.4. 8.7 ஆம்பியரை 6 ஆம்ப் சாக்கெட்டில் மாட்டாதீர்கள், 16 ஆம்ப் சாக்கெட் வேண்டும்.

அரவேனு: எங்கள் கீசரும் 2000 வாட். காலையில் சுடுதண்ணீர் வர அரை மணி நேரம் ஆகிறது. கீசர் போடாமல் 220 வோல்ட், போட்டால் 196. காயில் (சூடாகும் கம்பிச் சுருள்) போய்விட்டதா?

அளந்துவிட்டுக் கேட்கிறீர்கள் பாருங்கள், இப்படித்தான் கேட்க வேண்டும். காயில் நன்றாகவே இருக்கும். அதன் 26.4 ஓம் பெரிதாக மாறாது. 196-ஐ 26.4-ஆல் வகுத்தால் 7.4 ஆம்பியர். 196 × 7.4 என்றால் சுமார் 1450 வாட். 230-லிருந்து பார்த்தால் வோல்டேஜ் குறைந்தது 15 சதவீதம், வாட் குறைந்ததோ 27 சதவீதம். வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் கூடவே இறங்குவதால் இரட்டை அடி. 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 50-க்குக் கொண்டுபோக 2000 வாட்டில் 20 நிமிடம் போதும், உங்களுக்கு 27 ஆகும்.

காணாமல் போன 24 வோல்ட் எங்கே? வழியில். 24-ஐ 7.4-ஆல் வகுத்தால் 3.2 ஓம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் பிளக் வரை உள்ள கம்பி, ஜாயின்ட் எல்லாம் சேர்ந்த தடை அது. அதில் 24 × 7.4, சுமார் 178 வாட் சூடாகப் போகிறது. நீளமான கம்பியில் பரவிப் போனால் தொந்தரவு இல்லை. ஒரே லூஸ் ஜாயின்ட்டில் போனால்? 25 வாட் சால்டரிங் அயர்னே ஈயத்தை உருக்கிவிடுகிறது. கீசர் ஓடும்போது மீட்டர் பக்கத்தில் வோல்ட் எவ்வளவு என்று ஒரு வயர்மேனை வைத்துப் பாருங்கள். அங்கேயும் 196 என்றால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். அங்கே 215 இருந்தால் கோளாறு வீட்டுக்குள். பிளக் பின் கறுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

குன்னூர், வயர்மேன்: தப்பாகச் சொல்கிறீர்களே. வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப்ஸ் ஏறும். அப்போதுதானே வாட் சமமாக வரும்?

வாட் சமமாக இருந்தே தீரும் என்று யார் சொன்னது? ஹீட்டரில் மாறாதது ஓம். மோட்டார் வேறு கதை: லோடைத் தள்ளியாக வேண்டும், அதனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியரை அதிகம் இழுக்கும். லோ வோல்டேஜில் காயில் கருகி என் கடைக்கு வருவதெல்லாம் அப்படித்தான்.

அதே குன்னூர்: மோட்டார் இல்லைங்க, கீசரிலேயே பார்த்தேன். லைன் 180 வோல்ட், வயரைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் மீட்டர் 11 ஆம்ப் காட்டியது.

180-க்கு 6.8 தானே வர வேண்டும்? நடுவில் ஸ்டெபிலைசர் இருந்ததா?

குன்னூர்: இருந்தது. அதற்குள் போகிற வயரில் மாட்டினேன்.

அதைச் சொல்ல வேண்டாமா! ஸ்டெபிலைசர் 230 ஆக்கிக் கொடுத்ததால் கீசர் முழு 2000 வாட் வாங்குகிறது. அந்த 2000-ஐ 180 வோல்ட் லைனிலிருந்து எடுக்க 11.1 ஆம்பியர் வேண்டும். வெளியே வரும் வயரில் மாட்டியிருந்தால் 8.7 காட்டும். உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தெருவில் நாலு வீட்டில் இப்படி வைத்தால் லைனில் ஆம்பியர் ஏறி, வோல்டேஜ் இன்னும் இறங்கும். கீசருக்கு ஸ்டெபிலைசர் வைக்காதீர்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

மஞ்சூர்: சண்டைக்கு நடுவில் ஒன்று. குந்தா பவர் ஹவுஸ் பக்கத்தில், பைக்காரா 1932-லிருந்து ஓடுகிறது. நமக்கு ஏன் லோ வோல்டேஜ்?

நியாயமான வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்தக் கரண்ட் உயர் அழுத்த லைனில் நேரே வெளியே போகிறது. வோல்ட்டை ஏற்றினால் அதே வாட்டுக்கு ஆம்பியர் குறையும், வழியில் சூடாகி வீணாவதும் குறையும். உங்களுக்கு முக்கியம் பவர் ஹவுஸ் தூரம் அல்ல, உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் தூரம்.

கொடைக்கானல்: 100 வாட் குண்டு பல்பு கணக்குப்படி 529 ஓம். மீட்டரில் 40 கூட வரவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதா?

இல்லை தம்பி. நீங்கள் அளந்தது ஆறின பல்பு. டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காய்ந்த பிறகுதான் 529. ஹீட்டர் காயில் நிக்ரோம் என்ற உலோகக் கலவை, அதன் ஓம் சூட்டில் சிறிதுதான் மாறும். ஹோல்டரிலிருந்து கழற்றித்தானே அளந்தீர்கள்?

கட்டபெட்டு, தேயிலை ஃபாக்டரி: இலை வாட்டும் தொட்டி விசிறி, த்ரீ ஃபேஸ், 415 வோல்ட், 10 ஆம்ப். 4150 வாட் தானே?

இல்லை. த்ரீ ஃபேஸுக்கான 1.732-ஆலும், பவர் ஃபேக்டராலும் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) பெருக்குங்கள். ஃபேக்டர் 0.8 என்றால் 5750 வாட்.

லவ்டேல்: 230 வோல்ட், 1500 வாட் ஹீட்டருக்கு மின்தடை எவ்வளவு?

முதல் பதிலைப் படியுங்கள். (35.3 ஓம். 6.5 ஆம்பியர், இதற்கும் 16 ஆம்ப் சாக்கெட்.)

கூடலூர்: வோல்டேஜ் குறைந்தால் பில் குறையுமா?

தண்ணீருக்கு வேண்டிய சூடு அதேதான். நேரம் கூடும், யூனிட் குறையாது.

குன்னூர்: 1000 வாட் ஹீட்டருக்கு ஓம்?

வகுத்துப் பாருங்கள் ஐயா.

கோத்தகிரி: சோலார் பேனல் எத்தனை போடலாம்?

என் தொழில் இல்லை. சோலார் போடுபவர்களைக் கேளுங்கள்.

ஊட்டி: மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து சாக்கெட்டில் சொருகினேன், டப்பென்று வெடித்தது. வாரன்ட்டி உண்டா?

கிடையாது. ஆம்பியரில் மீட்டர் வெறும் கம்பி மாதிரி, நீங்கள் செய்தது ஷார்ட். கை தப்பியதே பெரிது. ஆம்பியர் பார்க்கக் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், ஒரே வயரைச் சுற்றி மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டிவிட்டுப் பூஜ்யம் காட்டுகிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.