தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டு ஸ்டூடியோ: ஒரு லட்ச ரூபாய்க்கு மைக் ப்ரீஆம்ப் வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

வீணையும் நாகஸ்வரமும் பதிவு செய்யப் போவதாகவும், கையிலிருக்கும் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) "இரைச்சல் வருகிறது, அதனால் நல்ல ப்ரீஆம்ப் தேடுகிறேன்" என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ப்ரீஆம்ப் என்பது மைக்கிலிருந்து வருகிற துளி மின்சாரத்தைப் பெருக்குகிற பகுதி; இன்டர்ஃபேஸுக்குள்ளேயே ஒன்று இருக்கும், தனிப் பெட்டியாகவும் விற்கிறார்கள். அந்த இரைச்சல் என்ற சொல்லைப் பார்த்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அதே இரைச்சலுக்காக நான் நகையை அடகு வைத்தவன். என் நகை இல்லை, வீட்டுக்காரி நகை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒலிப்பொறியியல் படித்தவன் இல்லை. அப்பா மைக் செட் வைத்திருந்தார். அஹூஜா ஆம்ப்ளிஃபையர் ஒன்று, குழாய் நாலு, டியூப் லைட் முப்பது. அந்தக் கடையில் வளர்ந்த காது இது. சென்னையில் பெரிய ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் "இவனுக்கு என்ன தெரியும்" என்று வரலாம். வாருங்கள். உங்கள் அறைக்கு நான்கு சுவரும் இரட்டைக் கதவும் இருக்கின்றன. என் அறைக்குப் பின்னால் வயல் இருக்கிறது. நான் பேசுவது வயல் பக்கத்து ஆளுக்கு.

நீங்களும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் படுத்துக்கொண்டு ப்ரீஆம்ப் வீடியோவாகப் பார்ப்பவராகத்தான் இருக்க வேண்டும். நானும் அப்படித்தான் கெட்டேன். இங்கிலாந்துக்காரர் ரூபர்ட் நீவ் 1970-ல் வடிவமைத்த 1073 என்ற ப்ரீஆம்ப், அப்புறம் 1985-ல் பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்காக அவரே செய்து கொடுத்த ஐஎஸ்ஏ 110 என்று வரலாறு முழுக்க மனப்பாடம். கடைசியில் அந்த 110-ன் வம்சத்தில் வந்த இரண்டு சேனல் பெட்டி ஒன்றைப் பழையதாகப் பேசி முடித்தேன். உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தது, தூக்கினால் அம்மிக்குழவி கனம். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன். பயிர்க்கடன் என்று எழுதித்தான் வாங்கினோம், அதை விடுங்கள்.

முதல் வேலை திருவையாற்றில் ஒரு வீணை டீச்சர் வீட்டில். எழுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், "அம்மா வாசிச்சதை ஒழுங்கா ஒரு தடவை பதிஞ்சு வைங்க" என்று என்னைப் பிடித்தார்கள். கார்த்திகை மாதம். பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி, பைக்கில் பின்னால் தம்பி மடியில் வைத்துக்கொண்டு, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலமும் ஏறி இறங்கிப் போனோம். ஒவ்வொரு பாலத்து மேட்டிலும் தம்பி "அண்ணே மெதுவா" என்பான். எனக்கு வட்டி ஓடுவது மாதிரியே இருந்தது.

டீச்சர் சுருதி சேர்த்தார். நான் ஹெட்போனை மாட்டிக் கெயினை, அதாவது பெருக்குகிற அளவை, திருகினேன். சர்ர்ர்ர்.

அதே இரைச்சல். என் பழைய இன்டர்ஃபேஸில் இருந்த அதே சர்ர். வயரை மாற்றினேன், சாக்கெட்டை மாற்றினேன், பெட்டியைத் தட்டிக்கூடப் பார்த்தேன். டீச்சர் வீணையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "என்ன தம்பி, மூஞ்சி செத்துப்போச்சு?" ஹெட்போனைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். வாசிக்காமல் கண்ணை மூடி அரை நிமிஷம் கேட்டார்.

"இது கொல்லையில கத்துற தவளை. மேல ஒரு கீச்சுச் சத்தம், அது பூச்சி. அடியில 'ம்ம்'னு வருதே, அது எங்க வீட்டு ஃப்ரிட்ஜ். உன் பொட்டியில ஒண்ணுமில்ல."

எழுந்து போய் ஃப்ரிட்ஜை நிறுத்தினார். பாதி அடங்கியது. தவளையை யார் நிறுத்துவது?

கணக்கை அதற்கப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். வாங்குவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டியது. என் மைக் கண்டென்சர் ரகம், சின்னச் சத்தத்தையும் பிடிக்கும்; அளவுகோலாக வைக்கிற 94 டெசிபல் சத்தத்துக்கு 20 மில்லிவோல்ட் தருகிற ஜாதி. ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்திய அறையில் 35 டெசிபல் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மைக்கிலிருந்து சுமார் 22 மைக்ரோவோல்ட்டாக வரும். மைக்குக்கே சொந்தமாக ஓர் இரைச்சல் உண்டு, என்னுடையதற்கு 16 டெசிபல் என்று தாளில் போட்டிருந்தது. அது 2.5 மைக்ரோவோல்ட். சாதாரண இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப் இரைச்சல் இன்று மைனஸ் 128 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்கிற அளவு) வரை இறங்கிவிட்டது, அதாவது 0.3 மைக்ரோவோல்ட்தான். நான் நகையை வைத்துச் சரிசெய்யப் போனது இந்தக் கடைசி எண்ணை! அறை 22-ல் நிற்கிறது, நான் 0.3-ஐ 0.25 ஆக்கப் பணம் கட்டியிருக்கிறேன். அதற்கும் கீழே போகலாம் என்றால் அதுவும் முடியாது. 150 ஓம் மின்தடை சும்மா கிடந்தாலே வெப்பத்தால் மைனஸ் 131 டிபியு அளவுக்கு இரைச்சல் போடும், அதைத் தாண்ட எந்தக் கம்பெனிக்கும் வழியில்லை.

அன்றைக்கு டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "நடுவுல டக்கு டக்குன்னு கேக்குது பாரு, அது என் விரல்ல மாட்டியிருக்கிற மீட்டுக் கம்பி. வீணையை இவ்வளவு கிட்ட மூக்கை வச்சுக்கிட்டு யாரு கேப்பா? தள்ளி உக்காரு." மைக்கை குடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தேன். இரண்டு முழம் தள்ளி, கொஞ்சம் உயரத்தில், மெட்டுப் பலகைப் பக்கம் சாய்த்தேன். அந்த டக்குச் சத்தம் பின்னால் போய், குடத்தின் உள்ளேயிருந்து அந்தப் பலாமரத்து முழக்கம் எழுந்து வந்தது. அந்த இரண்டு முழத்தில் கேட்ட வித்தியாசத்தை என் லட்ச ரூபாய்ப் பெட்டியில் இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆனால் மைக்கைத் தள்ளி வைத்தால் தவளை கிட்டே வந்துவிடும், அதுதான் சிக்கல். கடைசியில் வேலையையே தள்ளிப்போட்டோம். அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, பங்குனியில், விடியற்காலை மூன்றரை மணிக்குப் பதிந்தோம். அதே உருப்படியைப் பழைய இன்டர்ஃபேஸில் ஒரு தரம், புதுப் பெட்டியில் ஒரு தரம். ஒலியளவைச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். (சமமாக்குவது முக்கியம். ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதைத்தான் 'நல்ல சவுண்டு' என்று எடுத்துக்கொள்ளும். வீடியோக்காரர்கள் பிழைப்பதே இதில்தான்.) டீச்சர் இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் நாந்தானே?" என்றார்.

சரி, அப்போது விலை உயர்ந்த ப்ரீஆம்ப் எல்லாம் ஏமாற்று வேலையா? நான் அப்படிச் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படி எழுதிப் பரப்பாதீர்கள். பெட்டியை இன்னும் வைத்திருக்கிறேன், விற்க மாட்டேன். கும்பகோணம் பக்கம் ஒரு கும்பாபிஷேகத்தில் அது என் மானத்தைக் காப்பாற்றியது. மைக்கிலிருந்து நான் உட்கார்ந்த இடம்வரை அறுபது மீட்டர் கேபிள். அது ஜெனரேட்டர் வயரோடும் சீரியல் செட் வயரோடும் பின்னிப் பிணைந்து கிடக்கிறது, பிரிக்க விட மாட்டேன் என்கிறார்கள். இன்டர்ஃபேஸில் நேரே சொருகினால் வேத பாராயணத்துக்கு அடியில் 'ம்ம்ம்' என்று தம்புரா மாதிரி ஹம். பெட்டி வழியாக விட்டேன், முக்கால்வாசி அடங்கிவிட்டது. கேபிளின் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறுகிற சத்தத்தை உள்ளே விடாமல் தள்ளுவதில் நல்ல உள்ளீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் கெட்டிக்காரன். நேரடிப் பதிவில் காசு பேசுவது இங்கேதான்.

இன்னொரு இடமும் உண்டு. மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக் எல்லாம் தருவது கொஞ்சம்தான். ஷூர் எஸ்எம்58 அதே 94 டெசிபலுக்கு 2 மில்லிவோல்ட்கூடத் தராது, எஸ்எம்7பி இன்னும் குறைவு. அதை வீணை முன்னால் வைத்தால் 60 டெசிபலுக்கு மேல் கெயின் வேண்டும், அப்போது ப்ரீஆம்ப்பின் குறை வெளியே வரும். மெல்லிய உலோகப் பட்டை அதிர்கிற ரிப்பன் மைக்குக்கும் இதே கதைதான். ஆனால் வீணைக்கு டைனமிக் மைக் வைக்கச் சொல்லி யார் உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்கள்?

நாகஸ்வரத்துக்குப் பிரச்சினை நேர் எதிர். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து வருகிற அந்த வாத்தியத்துக்கு (2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது) கெயினே தேவையில்லை. பக்கத்தில் தவில் வேறு. மைக் முன்னால் 120 டெசிபல் தொட்டுவிட்டால் என் கண்டென்சர் 0.4 வோல்ட் தள்ளும். அங்கே வேண்டியது சிக்னலை 20 டெசிபல் குறைக்கிற பேட் பட்டனும், மைக்கை ஆறடி தள்ளி வைக்கிற துணிச்சலும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை 78 ஆர்பிஎம் தட்டிலிருந்து எடுத்த பதிவில் கேட்டுப் பாருங்கள். தட்டின் கரகரப்பு அவ்வளவு இருக்கிறது, நாம் அதையா கேட்கிறோம்?

நாகஸ்வரம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாத்தா ஆசைப்பட்டு, நல்ல செட்டாகப் பேசி, அதைத் தனியாகப் பதிய என்னையும் வரச்சொன்னார். ராத்திரி மாப்பிள்ளை அழைப்பில் மல்லாரியில் ஆரம்பித்து மறுநாள் முகூர்த்தம் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் சுத்தமாகப் பதிந்து பென் டிரைவில் கொடுத்தேன். ஆல்பம் வந்தது. தாலி கட்டுகிற இடத்தில் கெட்டிமேளத்தை மியூட் செய்துவிட்டு சினிமாப் பாட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள்! தவில்காரர் கை பறக்கிறது, சத்தம் இல்லை. தாத்தா என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, நீ பதியலையா?" என்று கேட்டார். அந்த மனுஷரிடம் நான் என்ன சொல்ல? வீடியோ தம்பியைக் கேட்டால், "ரீல்ஸுக்கு அதுதாண்ணே செட் ஆகும்" என்கிறான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். கோபம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். லட்ச ரூபாய் கையில் இருக்கிறது என்றால், முதலில் அறைக்குச் செலவழியுங்கள்: கனமான கதவு, ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி, பழைய மெத்தைகள். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகம் என்றால் பதிவு செய்யும்போது அதை அணைத்து வையுங்கள், அதன் ஙொய்ங் சத்தத்தை ப்ரீஆம்ப் தலையில் போடாதீர்கள். அப்புறம் இரைச்சல் குறைந்த மைக், பத்து டெசிபலுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி. ப்ரீஆம்ப் மூன்றாவது. அதையும் வாங்கத்தான் போகிறேன் என்றால், உங்கள் இன்டர்ஃபேஸில் நேரடி லைன் உள்ளீடு (ஏற்கெனவே பெருக்கிய சிக்னலை உள்ளேயிருக்கும் ப்ரீஆம்ப்பைத் தொடாமல் வாங்குகிற துளை) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் பல, லைன் சிக்னலையும் அமுக்கி அதே பழைய ப்ரீஆம்ப் வழியாகத்தான் அனுப்பும். லட்ச ரூபாய்ப் பெட்டிக்குப் பின்னால் அதே ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டி உட்கார்ந்திருக்கும். எனக்கு இது தெரிய எட்டு மாதம் ஆனது.

நகையை மீட்டுவிட்டேன். வட்டி எவ்வளவு கட்டினேன் என்று மட்டும் கேட்காதீர்கள், இதை வீட்டுக்காரியும் படிப்பாள்.