கழுவிய கார்புரேட்டர், கழுவாத ஜெட்

கேள்வி: டெலிவரி ஓட்டுகிறேன். பைக்கில் ஸ்லோ (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்கவில்லை என்று கார்புரேட்டரைக் கழுவக் கொடுத்தேன். 600 ரேண்ட் ஆனது. இப்போது சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. புது கார்புரேட்டர் வாங்கச் சொல்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: வாங்காதீர்கள், தம்பி. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டால்தான் ஓடுகிறது என்றால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. இல்லையென்றால் எங்கிருந்தோ காற்று கூடுதலாக நுழைகிறது. பல கடைகளில் கழுவுவது என்றால் அடிக்கிண்ணத்தைத் திறந்து, ஸ்பிரே அடித்து, துடைத்து மூடுவதுதான். பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகுதான் ஜெட். அவற்றில் மெயின் ஜெட் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கவனிப்பு கிடைத்துவிடும். ஸ்லோவுக்குப் பெட்ரோல் தருவதோ அதன் பக்கத்தில் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும் பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முழு வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரித் தெரிந்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஜெட் சுத்தமாக இருந்தால் கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பரைப் பாருங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. காற்று-பெட்ரோல் கலவையைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணினாரா என்றும் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. செய்த வேலை தரமில்லை என்றால் குறையைச் சரிசெய்து தரச் சொல்லலாம், அல்லது கொடுத்த பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். அதே வேலைக்கு இன்னொரு 600 கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: அடைத்த ஜெட்டை மெல்லிய கம்பியால் குத்தலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கூடாது. ஜெட் பித்தளை; துளை பெரிதானால் புது ஜெட்தான்.

கேள்வி: டர்பனில் அண்ணன் ஓட்டிய பைக்கை இங்கே கொண்டுவந்தேன். இழுவையே இல்லை, பிளக் கரியாகிறது. இரண்டு தடவை கார்புரேட்டரைக் கழுவியாயிற்று.
– வாசகர், லெனேசியா (ஜோகன்னஸ்பர்க்)

பதில்: மூன்றாவது தடவை கழுவாதீர்கள். டர்பன் கடலோரம். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, காற்று மெலிவு. கடலோரக் காற்றுக்குப் பொருந்திய ஜெட் இங்கே பெட்ரோலைத் தேவைக்கு மேல் விடும். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அது சுத்தமென்றால் மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைத்துப் போடச் சொல்லுங்கள். பழையதைப் பத்திரமாக வையுங்கள். சின்ன ஜெட்டோடு டர்பனுக்குத் திரும்பி ஓட்டினால் இன்ஜின் சூடேறும்.

கேள்வி: மகனின் பைக்குக்கு ஜெட், மிதவை ஊசி (கார்புரேட்டருக்குள் வரும் பெட்ரோலைத் திறந்து மூடுவது), கேஸ்கெட் எல்லாம் மாற்றியதாக பில் போட்டார்கள். பழையதைக் கேட்டால் குப்பையில் போட்டாயிற்று என்கிறார்கள். வண்டி முன்னைவிட மோசமாக ஓடுகிறது. நான் பெண் என்பதால் பேச்சே கொடுப்பதில்லை.
– ஒரு தாய், டோங்காட்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது முழுக்க உங்கள் உரிமை. பழைய பாகத்தைத் தராத கடைமேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. மாற்றாமலே மாற்றியதாக எழுதுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கழற்றிய பாகங்களைக் கடைக்காரர் எடுத்துவைக்க வேண்டும், வேறு வண்டியின் பாகங்களோடு கலக்காமல் வைக்க வேண்டும், சுத்தமான டப்பாவிலோ பையிலோ போட்டு உங்களிடம் திருப்பித் தர வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் மட்டுமே விலக்கு. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை.

57-ஆம் பிரிவின்படி, புதிதாகப் போட்ட பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. கடைச் சுவரில் ‘உத்தரவாதம் இல்லை’ என்று எழுதி மாட்டியிருந்தாலும் அது செல்லாது. பில்லில் உள்ள ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் எழுதி, பழையது எங்கே என்று எழுத்திலேயே கேளுங்கள். தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு வண்டித் தகராறுகளை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மேனுக்குப் புகார் அனுப்புங்கள். அடுத்த முறை வண்டியை விடும்போதே மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள், "பழைய சாமான் எனக்கு வேண்டும்" என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். பேச்சுக் கொடுக்காதவர்கள் எழுத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் ஒருவரிடம் 350 ரேண்டுக்குப் புது கார்புரேட்டர் வாங்கினேன். பெட்ரோல் வழிகிறது. பில் இல்லை, அவர் நம்பரும் இப்போது இல்லை. எந்தச் சட்டத்தில் பணத்தைத் திரும்பப் பெறலாம்?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பெயர் தெரியாது, பில் இல்லை, கடை இல்லை. யார்மேல் புகார் எழுதுவது? பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் மிதவை ஊசி சரியாக மூடாததுதான். நான் வாங்கிய மலிவு ரிப்பேர் கிட்டிலும் ஊசி முனை ஒழுங்காக இல்லை; நின்ற வண்டியில் இரவெல்லாம் கசிந்தது. நல்ல ஊசி மாற்றி, மிதவை உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். இன்ஜின் ஆயிலை இன்றே முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.